99 ரூபாய்க்கு வாங்கிய டொமைனுக்கு 2,500 ரூபாய் ரினியூவல்: கட்டலாமா, விட்டுவிடலாமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு தள்ளுபடி விற்பனையில் டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் சைட், டாட் எக்ஸ்ஒய்இசட் என்று 60 டொமைன்களை, அதாவது இணையதளப் பெயர்களை, மறுவிற்பனைக்காக ஒன்று 99 ரூபாய் வீதம் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றுகூட விற்கவில்லை. காலாவதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது ரினியூவல் மெயில் வந்திருக்கிறது. பெரும்பாலான பெயர்களுக்கு 2,500 ரூபாயை ஒட்டி, ஒரே ஒரு பெயருக்கு மட்டும் 9,000 ரூபாய். இது ஏமாற்று வேலையா, பணம் கட்டி இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தால் விலை வருமா, இல்லை இவற்றைக் கைவிட்டு டாட் ஐஓ, டாட் ஏஐ பக்கம் போகலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. ஒரு பெயர் விற்கும்வரை அதைக் கையில் வைத்திருக்க வருடத்துக்கு எவ்வளவு ஆகும், அந்தத் தொகையை நிர்ணயிப்பவர் யார்?

நான் பல வருடங்களாக டொமைன் ரீசெல்லர் தொழிலில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குப் பதிவு செய்து தருவதும் புதுப்பித்துத் தருவதும்தான் அன்றாட வேலை, பக்கத்தில் சொந்தமாகக் கொஞ்சம் பெயர்கள் வாங்கி விற்பதும் உண்டு. ஒப்பந்த விதிகள், கட்டண அமைப்பு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பெயர் விற்கும், எத்தனை வருடத்தில் விற்கும் என்பதெல்லாம் அனுபவத்தில் வந்த ஊகம். அந்த இடங்கள் வரும்போது ஊகம் என்றே சொல்கிறேன்.

முதலில் ஏமாற்றா என்பது. சட்டப்படி பார்த்தால் இல்லை. டாட் ஆன்லைன் போன்ற ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு ரிஜிஸ்ட்ரி, அதாவது மொத்த வியாபாரி இருக்கிறார். நீங்கள் பணம் கட்டிய தளம் ரிஜிஸ்ட்ரார், அதாவது சில்லறைக் கடை. மொத்த விலையை வைப்பது ரிஜிஸ்ட்ரி. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவும் பெயரைப் பரப்பவும் முதல் வருடத்துக்கு மட்டும் ரிஜிஸ்ட்ரி பெரிய தள்ளுபடி கொடுக்கும், கடைக்காரர் அதை 99 ரூபாய் என்று பேனர் போடுவார். இரண்டாம் வருடத்துக்கு வரும்போது தள்ளுபடி போய்விடும், முழு மொத்த விலையும் அதன்மேல் கடைக்காரரின் லாபமும் சேர்ந்து வரும். நீங்கள் பார்ப்பது விலையேற்றம் இல்லை, அந்த எக்ஸ்டென்ஷனின் உண்மையான விலையே அதுதான். வாங்கிய அன்று பணம் கட்டும் பக்கத்தில் சிறிய எழுத்தில் அது இருந்திருக்கும். இருந்தும் கண்ணில் படாத மாதிரி வைப்பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, அதை நான் நியாயப்படுத்தவில்லை.

இந்தத் துறையை மேற்பார்வை பார்க்கும் ஐகான் அமைப்பு, 2012-ல் விண்ணப்பம் வாங்கி 2013 கடைசியிலிருந்து வெளியிட்ட புதிய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றுக்கும் ஒரு அடிப்படை ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதில் உங்களுக்குத் தேவையான விஷயம் மூன்று இருக்கிறது. ரினியூவல் மொத்த விலையை ஏற்றுவதாக இருந்தால் ரிஜிஸ்ட்ரி 180 நாள் முன்னதாக ரிஜிஸ்ட்ராருக்கு அறிவிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே 10 வருடம் வரை புதுப்பித்துக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும். உங்கள் தளம் பிரபலமாகிவிட்டது என்பதற்காக உங்கள் பெயருக்கு மட்டும் விலையைக் கூட்ட முடியாது, அதே எக்ஸ்டென்ஷனில் உள்ள மற்ற பெயர்களுக்கு என்ன விலையோ அதுதான் உங்களுக்கும். ஆனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் உச்சவரம்பு கிடையாது. 180 நாள் அறிவிப்பும் ரிஜிஸ்ட்ராருக்குத்தான் போகும். அது உங்களிடம் வந்து சேருமா என்பது உங்கள் ரிஜிஸ்ட்ராரின் நல்ல மனதைப் பொறுத்தது.

டாட் காம் இந்த விஷயத்தில் வேறு ஜாதி. அதன் மொத்த விலைக்கு, அதை நடத்தும் வெரிசைன் நிறுவனத்தோடு அமெரிக்க அரசு செய்த ஒப்பந்தம் வழியாகக் கடிவாளம் இருக்கிறது. ஆறு வருடச் சுற்றில் கடைசி நான்கு வருடங்களில் மட்டும், ஆண்டுக்கு 7 சதவீதம் வரை ஏற்றலாம். 2021 செப்டம்பருக்கு முன்பு 7.85 டாலராக இருந்தது நான்கு ஏற்றத்துக்குப் பிறகு 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. கணிசமான ஏற்றம்தான், ஆனால் முன்கூட்டியே கணக்குப் போட முடிகிற ஏற்றம். டாட் ஆர்க், டாட் இன்ஃபோ இரண்டுக்கும் இதே மாதிரி உச்சவரம்பு இருந்தது, 2019-ல் ஐகான் அதை நீக்கிவிட்டது. பழைய எக்ஸ்டென்ஷன் என்பதாலேயே பாதுகாப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம்.

அதிகம் தெரியாத எக்ஸ்டென்ஷன் என்றால் விலை குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு, அதற்குக் காரணமும் எளிது. ஒரு ரிஜிஸ்ட்ரி எத்தனை பெயர் விற்றாலும் விற்காவிட்டாலும் ஐகானுக்கு வருடத்துக்குச் சுமார் 25,000 டாலர் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குமேல் சர்வர் நடத்தும் தொழில்நுட்ப நிறுவனத்துக்குக் காசு, தரவுக் காப்புக்குக் காசு, ஆள் சம்பளம். 15 கோடிக்கு மேல் பெயர்கள் இருக்கும் டாட் காமுக்கு அந்த 25,000 ஒரு பொருட்டே இல்லை. மொத்தமே 5,000 பெயர்தான் பதிவாகியிருக்கிறது என்றால், ஐகான் கட்டணம் மட்டுமே பெயருக்கு 5 டாலர் ஆகிவிடும். ஆள் வராத எக்ஸ்டென்ஷனின் சொந்தக்காரருக்கு வழி இரண்டுதான். ஒன்று, இருப்பவர்களிடம் அதிகம் வாங்க வேண்டும், அல்லது கடையை இன்னொருவருக்கு விற்றுவிட வேண்டும்.

இரண்டும் நடந்த கதை யூனிரிஜிஸ்ட்ரி. டொமைன் முதலீட்டில் பெரிய புள்ளியான ஃபிராங்க் ஷில்லிங்கின் நிறுவனம் அது. 2017-ல் தன்னிடமிருந்த சில எக்ஸ்டென்ஷன்களுக்குக் கடுமையான விலையேற்றத்தை அறிவித்தது. டாட் ஹோஸ்டிங், டாட் ஹுவேகோஸ் போன்றவை 20 டாலரை ஒட்டிய விலையிலிருந்து 300 டாலருக்குத் தாவின. பதிவு எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, இந்த விலை இல்லாமல் இவற்றை உயிரோடு வைத்திருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். டொமைன் வியாபாரிகள் கொதித்தார்கள், பெரிய ரிஜிஸ்ட்ராரான கோடேடி அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷன்களை விற்பதையே நிறுத்தியது. பிற்பாடு அவற்றில் பல, டாட் எக்ஸ்ஒய்இசட்டை நடத்தும் நிறுவனத்துக்குக் கைமாறின. இதைவிட விசித்திரமானது டாட் வெட். திருமணத் தளங்களுக்கென்று வந்த எக்ஸ்டென்ஷன். கல்யாணம் முடிந்த தம்பதி பெயரை விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த ஜோடிக்குக் கிடைக்கும் என்று, மூன்றாம் வருடப் புதுப்பிப்புக்கு 30,000 டாலர் விலை வைத்தார்கள்! ரூபாய் இல்லை, டாலர். விதியை மீறாமலேயே இதைச் செய்ய முடிந்தது. 2017 டிசம்பரில் அந்த ரிஜிஸ்ட்ரி தடுமாறி, ஐகானின் அவசரகால ஏற்பாட்டின்கீழ் போன முதல் எக்ஸ்டென்ஷன் ஆனது.

நீங்கள் வாங்கியவை இந்த அளவுக்கு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் சைட், டாட் டெக் எல்லாம் ரேடிக்ஸ் என்ற நிறுவனத்தின் கையில் இருப்பவை. மும்பைக்காரரான பவின் துராகியா ஆரம்பித்தது என்பதால் நம் ஊர் ரிஜிஸ்ட்ரார்களில் இவற்றின் விளம்பரம் எப்போதும் கண்ணில் படும். பதிவு எண்ணிக்கை நன்றாகவே இருக்கிறது, நாளைக்கே கடையை மூடிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். டாட் எக்ஸ்ஒய்இசட்டும் அப்படித்தான். 2015-ல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் தன் தளத்தை அதில் வைத்த பிறகு அதற்கு ஒரு மரியாதை வந்தது. அதன் ரினியூவலும் ஒப்பீட்டில் குறைவு, டாட் காமை ஒட்டிய விலையிலேயே பல இடங்களில் கிடைக்கும். உங்கள் பட்டியலில் டாட் ஸ்டோருக்கும் டாட் எக்ஸ்ஒய்இசட்டுக்கும் ஒரே விலை போட்டிருந்தால், இரண்டாவதற்குக் கடைக்காரர் அதிகம் வைக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? வாங்கப்போகிறவரின் பக்கம் நின்று பாருங்கள். கோயம்புத்தூரில் மசாலா நிறுவனம் நடத்தும் ஒருவருக்குத் தன் கடைப் பெயரில் டொமைன் வேண்டும். டாட் காம் வேறொருவரிடம் இருக்கிறது, அவர் ஒரு லட்சம் கேட்கிறார். டாட் ஸ்டோர் உங்களிடம் இருக்கிறது, நீங்கள் 50,000 கேட்கிறீர்கள். அவர் அடுத்த நிமிடம் டாட் ஷாப் காலியா என்று பார்ப்பார், 150 ரூபாய்க்குக் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் டாட் சைட், டாட் இன், கடைப் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்த ஒரு டாட் காம். 2013-க்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் வந்துவிட்டன. டாட் காமுக்கு மாற்று என்று எதையும் ஏற்காத வாங்குபவர் உண்டு. டாட் ஆன்லைனுக்கு மாற்றே இல்லை என்று சொல்லும் வாங்குபவரை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் பொருளுக்குப் பக்கத்திலேயே அதே மாதிரிப் பொருள் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்வரை உங்கள் விலை நிற்காது.

இதற்கு விலக்கு உண்டு. எக்ஸ்டென்ஷனும் முன்னால் வரும் சொல்லும் சேர்ந்து ஒரே சொற்றொடராகிவிட்டால், அதற்கு மாற்று கிடையாது. வெகேஷன் டாட் ரெண்டல்ஸ் 2018-ல் 5,00,300 டாலருக்கு விற்றது. அதே ஆண்டு ஹோம் டாட் லோன்ஸ் 5 லட்சம் டாலருக்கு விற்றது. இந்த இரண்டையும் எடுத்துக்காட்டித்தான் பலர் புதிய எக்ஸ்டென்ஷன் முதலீட்டை விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் அந்த மாதிரிப் பெயர்களைப் பொதுமக்கள் 99 ரூபாய்க்கு எடுக்க முடியாது. ஹோம் டாட் லோன்ஸை விற்றதே ரிஜிஸ்ட்ரிதான். அகராதியில் உள்ள நல்ல சொற்களையெல்லாம் ஆரம்பத்திலேயே பிரீமியம் என்று பிரித்து வைத்துவிடுவார்கள். பாலாடையை எடுத்துவிட்டுத்தான் பால் கடைக்கு வருகிறது. உங்களிடம் ஒரு பெயர் 99 ரூபாய்க்கு வந்து, அதன் ரினியூவலும் மற்றவற்றைப் போலவே இருந்தால், ரிஜிஸ்ட்ரி அதைப் பிரீமியமாகக் கருதவில்லை என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் முதல் தகவல்.

அந்த 9,000 ரூபாய்ப் பெயருக்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. பிரீமியம் பெயர்களில் இரண்டு வகை. ஒன்றில் முதல் வருடம் மட்டும் அதிக விலை, பிறகு சாதாரண ரினியூவல். இன்னொன்றில் வருடா வருடம் அதே அதிக விலை. எல்லோருக்கும் சமமான ரினியூவல் விலை என்று முன்னால் சொன்ன விதிக்கு ஐகான் ஒப்பந்தத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. பதிவு செய்யும்போதே அதிக ரினியூவல் விலையைத் தெளிவாகச் சொல்லி, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் தனி விலை வாங்கலாம். உங்களுக்கு முதல் வருடம் மட்டும் சலுகையில் கிடைத்திருக்க வேண்டும். வாங்கிய அன்றைய இன்வாய்ஸையும் உறுதிப்படுத்தல் மெயிலையும் எடுத்துப் பாருங்கள். பிரீமியம் ரினியூவல் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லையென்றால், ரிஜிஸ்ட்ராரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஐகானின் இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது. வரி இருந்தால் வேறு வழியில்லை. பிரீமியம் ரினியூவல் உள்ள பெயரை மறுவிற்பனைக்காக வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் உங்களிடம் வாங்குபவரும் அதே 9,000-ஐ ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டும். விவரம் தெரிந்தவர் அதைக் கழித்துத்தான் விலை பேசுவார்.

கணக்கைப் போட்டுவிடலாம். 59 பெயர்களுக்கு 2,500 வீதம் 1,47,500. அதோடு 9,000 சேர்த்தால் 1,56,500. 18 சதவீத ஜிஎஸ்டி 28,170. மொத்தம் 1,84,670 ரூபாய், ஒரு வருடத்துக்கு. விற்பனை வேகத்துக்கு வருவோம். டொமைன் வியாபாரிகள் மத்தியில் வருடத்துக்கு நூற்றில் ஒன்றோ இரண்டோ விற்கும் என்று ஒரு வாய்வழிக் கணக்கு உண்டு. அதை யாரும் தணிக்கை செய்ததில்லை, பெரும்பாலும் தேர்ந்தெடுத்த டாட் காம் பெயர்களை வைத்துச் சொல்வது. உங்கள் பட்டியலுக்கு நூற்றில் ஒன்று என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். 60 பெயரில் இரண்டு வருடத்துக்கு ஒன்று விற்கும். அதற்குள் 3,69,340 ரூபாய் கட்டியிருப்பீர்கள். விற்பனைத் தளத்துக்கு 20 சதவீதம் கமிஷன் என்று வைத்தால், போட்ட பணம் திரும்ப வரவே அந்த ஒரு பெயர் 4,60,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டும். நூற்றில் இரண்டு என்று வைத்து, அதே இரண்டு வருடத்தில் இரண்டு பெயர் விற்றாலும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,31,000 ரூபாய்க்குப் போனால்தான் கைக்காசு நஷ்டமில்லை. நேம்பயோ என்ற தளத்தில் வெளியில் தெரிந்த விற்பனைகளைத் தேடிப் பார்க்கலாம். டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர் என்று வடிகட்டி, உங்கள் பெயர்களைப் போன்ற இரண்டு சொல் பெயர்கள் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அங்கே பதிவாகாத தனிப்பேர விற்பனைகள் நிறைய உண்டு என்பதால் அது முழுப் படம் இல்லைதான். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு 60 பெயரையும் புதுப்பிக்க உங்களுக்கே மனம் வராது.

அதனால் என் பதில், ஐந்தாறு பெயர் தேறினால் அதிகம். தேர்ந்தெடுக்க நான் என் பட்டியலில் பயன்படுத்தும் வழியைச் சொல்கிறேன், இது விதி இல்லை, பழக்கம். இந்த ஒரு வருடத்தில் அந்தப் பெயரைப் பற்றி யாராவது விசாரித்தார்களா? விற்பனைப் பக்கம் வைத்திருந்தால் தெரியும், வைக்காமல் இருந்தால் அதுவே ஒரு குறை. அதே சொல்லின் டாட் காம் யாரிடம் இருக்கிறது, அவர் அதில் உண்மையாகத் தொழில் நடத்துகிறாரா? அந்தச் சொல்லில் எத்தனை நிறுவனங்கள் பெயர் வைத்திருக்கின்றன? பத்திருபது நிறுவனங்களாவது அந்தப் பெயரில் இருந்தால்தான் ஒருவராவது உங்களைத் தேடி வர வாய்ப்பு. சொல்லும் எக்ஸ்டென்ஷனும் சேர்த்துப் படித்தால் ஓர் அர்த்தம் வருகிறதா? சேலைக் கடைப் பெயருக்கு டாட் ஸ்டோர் பொருந்தும், மருத்துவமனைப் பெயருக்குப் பொருந்தாது. இந்த நான்கில் மூன்றுக்காவது ஆமாம் என்று வராத பெயரை நான் விட்டுவிடுவேன். ஆறு பெயருக்கு ஜிஎஸ்டியோடு 17,700 ரூபாய். அதற்குமேல் இந்த வருடம் போட வேண்டாம்.

நீங்கள் கொடுத்த பட்டியலில் இரண்டு பெயர்களில் பிரபல பிராண்டின் சொல் அப்படியே இருக்கிறது. அவற்றை முதலில் கைவிடுங்கள், விற்பனைக்கு வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். டிரேட்மார்க் உரிமையாளர் யூடிஆர்பி என்ற நடைமுறையில் வழக்கு போட்டால் பெயரை இழப்பீர்கள். வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் ஒரு நடுவர் முன்னால் ஐந்து பெயர் வரை வழக்கு நடத்த 1,500 டாலர்தான் கட்டணம், பெரிய நிறுவனத்துக்கு அது காசே இல்லை. புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு இதைவிட வேகமாகத் தளத்தை முடக்கும் யூஆர்எஸ் என்ற நடைமுறையும் இருக்கிறது.

அடுத்தது டாட் ஐஓ, டாட் ஏஐ. இவை நாட்டுக் குறியீடுகள், அதனால் ஐகானின் 180 நாள் விதி, சம விலை விதி எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. அந்தந்த நாட்டு அரசோ அது நியமித்த நிறுவனமோ வைத்ததுதான் சட்டம். டாட் ஏஐ கரீபியன் கடலில் சுமார் 15,000 பேர் வாழும் ஆங்குவிலா தீவுடையது. 2023-ல் மட்டும் அதிலிருந்து அந்தத் தீவுக்கு 3.2 கோடி டாலர் அளவுக்கு வருமானம் வந்தது, அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அங்கே குறைந்தது இரண்டு வருடத்துக்குத்தான் பதிவு செய்ய முடியும், அதன் மொத்த விலையே 140 டாலர் என்று இருந்தது. வாங்குபவர்கள் உண்மையாக இருக்கிறார்கள், யூ டாட் ஏஐ 2023-ல் 7 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் நல்ல ஒற்றைச் சொற்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. மிச்சமிருப்பதில் இரண்டு சொல்லைச் சேர்த்து எடுத்து, பெயருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி இரண்டு வருடம் காத்திருப்பது 99 ரூபாய் விளையாட்டைவிடப் பெரிய சூதாட்டம். செயற்கை நுண்ணறிவு மோகம் எவ்வளவு நாள் இந்த விலையில் நிற்கும் என்று என்னால் கணிக்க முடியாது. கணித்துச் சொல்பவரிடம் விற்பதற்கு டாட் ஏஐ பெயர்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாட் ஐஓவில் வேறு மாதிரி ஆபத்து. அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு, அதாவது சாகோஸ் தீவுகள். அந்தத் தீவுகளின் ஆட்சியுரிமையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது. அந்தப் பிரதேசத்தின் குறியீடு சர்வதேசத் தரப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டால், எக்ஸ்டென்ஷனையும் ஐந்து வருடத்தில் ஓய்வுபெறச் செய்ய வேண்டும் என்பது விதி, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-ல் அப்படித்தான் மறைந்தது. சோவியத் யூனியனின் டாட் எஸ்யூவோ நாடு போன பிறகும் பல வருடம் இருந்துகொண்டே வந்திருக்கிறது. லட்சக்கணக்கான நிறுவனங்கள் டாட் ஐஓவில் இருப்பதால் ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் ஊகத்தை நம்பி முதலீடு செய்யச் சொல்ல மாட்டேன்.

நாட்டுக் குறியீடுகளில் விலையைவிட ஆட்சிதான் பெரிய ஆபத்து. லிபியா 2010-ல் நீண்ட இணைப்புகளைச் சுருக்கித் தரும் ஒரு டாட் எல்ஒய் தளத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப்-இல் இருந்த ஒரு மாஸ்டடான் சமூகத் தளத்தை 2024-ல் தாலிபான் அரசு முடக்கியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், 2021 ஜனவரியில் பிரிட்டன்வாசிகளின் டாட் இயூ பெயர்கள் சுமார் 80,000 நிறுத்தி வைக்கப்பட்டன. இலவச டொமைன் கொடுத்த ஃப்ரீனம் நிறுவனத்திடமிருந்து காபோன் நாடு 2023-ல் டாட் ஜிஏவைத் திரும்ப எடுத்தபோது 70 லட்சம் பெயர்கள் ஒரே வீச்சில் போயின. நாட்டுக் குறியீடுதான் வேண்டும் என்றால் நமக்கு அருகிலேயே டாட் இன் இருக்கிறது. நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நடத்துகிறது, ரினியூவல் டாட் காமை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கிறது, வாங்குபவர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள், தகராறு வந்தால் இங்கேயே தீர்க்க ஐஎன்டிஆர்பி என்ற நடைமுறை உண்டு. தமிழிலேயே எழுதும் டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும்கூட உண்டு. ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லும்படி அவற்றுக்கு ஒன்றும் இல்லை. ரினியூவலே கிடையாது, ஒருமுறை வாங்கினால் போதும் என்று விற்கப்படும் பிளாக்செயின் பெயர்களைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அவை இணையத்தின் பொது முகவரிப் பட்டியலில் இல்லை. பெரும்பாலான பிரவுசர்களில் தனியாக எதையாவது நிறுவாமல் திறக்காது.

இனி இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டியது. முதலில் எல்லாப் பெயர்களிலும் ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள். கார்டு சேமித்து வைத்திருந்தால் காலாவதிக்குச் சில நாள் முன்னதாகவே பணத்தை எடுத்துவிடும் ரிஜிஸ்ட்ரார்கள் இருக்கிறார்கள், எடுத்த பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு. அணைத்துவிட்டு, தேறிய பெயர்களை மட்டும் கையால் புதுப்பிக்கலாம். காலாவதி ஆன மறுநாளே பெயர் போய்விடாது. அதன்பின் 45 நாள் வரை ரிஜிஸ்ட்ராரின் கருணைக் காலம் இருக்கலாம், ஆனால் எத்தனை நாள் கொடுப்பது என்பது அவர் இஷ்டம், அதற்குள் ஏலத்தில் போட்டுவிடுபவர்களும் உண்டு. நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது ரினியூவலோடு தனியாக ஒரு மீட்புக் கட்டணமும் கேட்பார்கள், அது பல ஆயிரம் ரூபாய் வரும். அதன்பின் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்குத் திரும்பிவிடும். நீங்கள் விட்ட பெயரில் ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருந்தால், அந்தக் கட்டத்தில் மறுபடி முதல் வருட விலைக்கே எடுக்க முடியலாம். இந்த மாதிரிப் பெயர்களுக்குப் போட்டி அவ்வளவாக இருக்காது.

விற்று லாபம் வந்தால் அதை வருமான வரியில் எந்தத் தலைப்பில் காட்டுவது, வெளிநாட்டுத் தளத்திலிருந்து வரும் பணத்தை எப்படிக் கணக்கு வைப்பது என்பதையெல்லாம் ஆடிட்டரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

தேறிய ஆறு பெயரையும் இருக்கும் இடத்திலேயே புதுப்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மொத்த விலை எல்லா ரிஜிஸ்ட்ராருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், மேலே வைக்கும் லாபம்தான் வேறுபடும். டிரான்ஸ்ஃபர், அதாவது பெயரை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றுவது, செய்யும்போது கட்டும் தொகையில் ஒரு வருடப் புதுப்பிப்பும் சேர்ந்தே வரும். கிளவுட்ஃபிளேர் என்ற ரிஜிஸ்ட்ரார் லாபமே வைக்காமல் மொத்த விலைக்குத் தருகிறது, ஆனால் பெயர் எந்தத் தளத்தைத் திறக்கும் என்று சொல்லும் நேம்சர்வராக அவர்களுடையதைத்தான் பயன்படுத்த வேண்டும், அதனால் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று காட்டும் விற்பனைத் தளங்களின் பார்க்கிங் பக்கத்தை நேம்சர்வர் மாற்றி நேரடியாக வைக்க முடியாது. மறுவிற்பனைக்கு வைத்திருப்பவருக்கு அது ஒரு தொல்லை, வேறு சிலரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. காலாவதி ஆனபின், கருணைக் காலத்தில் பழைய இடத்தில் புதுப்பித்துவிட்டு உடனே டிரான்ஸ்ஃபர் செய்தால், அங்கே கட்டிய ஒரு வருடம் பல சமயம் கணக்கில் ஏறாமல் போய்விடும். டிரான்ஸ்ஃபர் முடிய ஒரு வாரம்கூட ஆகலாம் என்பதால், மாற்றுவதாக இருந்தால் இந்த வாரமே மாற்றத்தைத் தடுக்கும் லாக்கை எடுத்துவிட்டு, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோட் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.